எரியாத திரிக்கு யார் உபயம்?

அத்தியாயம் 3

"குடகு மலையிலேருந்து பூம்புகார் வரைக்கும் இந்தக் காவிரி ஓடுற தூரத்துல, என் கண்ணுக்குத் தப்பின பொய் ஒண்ணு இன்னும் பிறக்கலை."

துப்பறியும் நிபுணர் நாகநாதன் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை என்பது அவருடைய கருத்து. சொன்ன வேகத்தில் மேஜைமேல் கையை ஊன்றினார். அந்த மேஜைக்கு ஒரு கால் கட்டை என்பதை வழக்கம்போல மறந்திருந்தார். சரிந்த டீ கிளாஸை உதவியாளர் கமருன்னிஸா வழக்கம்போலப் பிடித்துக்கொண்டாள்.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது அவர்கள் அலுவலகம். கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேலே துப்பறிதல் லேசாக நடுங்கும். கமர் முன்பு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்தவள். ரத்தத்திலும் சளியிலும் உண்மையைத் தேடி அலுத்துப் போய், மனிதர்களிடம் தேடலாம் என்று இங்கே வந்தாள். வந்த பிறகு லேபே தேவலை என்று தோன்றியது. அங்கே சாம்பிள்கள் பேசாது.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் ஜெயபாரதி.

"என்ன வேலை பார்க்கறீங்கம்மா?" என்றார் நாகநாதன்.

"ஸ்கூல்ல கணக்கு டீச்சர் சார். திங்கக்கிழமை மட்டும் மனு கொடுக்கறவ."

"மனுவா?" வேப்பங்காயைக் கடித்தது மாதிரி ஆனது அவர் முகம். "அம்மா, உலகத்துல ரெண்டு விதமான ஆளுங்கதான். கண்டுபிடிக்கிறவன் ஒருத்தன், மனு கொடுக்கிறவன் ஒருத்தன். மூளை ஸ்டிரைக் பண்ணினவன்தான் கலெக்டர் ஆபீஸ் வரிசையில போய் நிப்பான். டோக்கன் வாங்குவான், மரத்தடியில தூங்குவான், கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போவான். நான் செத்தாலும் அந்த வரிசையில நிக்க மாட்டேன்."

"செத்தா நிக்கிறது கஷ்டம்தான் சார்" என்றாள் கமர்.

ஜெயபாரதி சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் அவள் இல்லை என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்தது.

அவளுடைய அப்பா, சிறுவாய்க்குடி தெற்குத் தெரு வீரையன், ஒரு மாடர்ன் ரைஸ் மில்லில் பாய்லர் ஆள். நெல் அவிக்கிற பாய்லருக்கும் நீராவிக் குழாய்களுக்கும் சூடு தாங்க வெள்ளைக் கயிறு சுற்றுவது அவர் வேலை. பழசை உரிக்க வேண்டும், புதுசைச் சுற்ற வேண்டும். உரிக்கும்போது பஞ்சு மாதிரிப் பறக்கும். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். "தாத்தா வேஷம் போட்டுட்டு வந்துட்டார்னு நாங்க சிரிப்போம் சார். இப்ப மெடிக்கல் காலேஜ்ல ஆக்சிஜன் வச்சிருக்கு. கட்டில்ல எழுந்து உக்காந்தாலே ஓடி வந்த மாதிரி இரைக்குது. கல்நார்த் தூசியால வர்ற நோய்னு டாக்டர் சொல்றாரு."

"ஆஸ்பெஸ்டாஸ்" என்றாள் கமர். "கல்லை நூலா நூத்தது சார். தீயில வேகாது. நெஞ்சுக்குள்ள போனா கரையாது."

"மில் முதலாளி என்ன சொல்றார்?"

"ராஜசேகரா? எங்க மில்லுல அந்தக் கயிறு ஒரு முழம்கூட இருந்ததில்லைங்கறாரு. நான் மனு கொடுக்க ஆரம்பிச்சதும் இருந்ததையெல்லாம் உரிச்சு எங்கயோ தள்ளிட்டு, கண்ணாடிப் பஞ்சு சுத்தி, மேல அலுமினியத் தகடு அடிச்சுட்டாரு. அப்பாவுக்கு வந்தது பீடி நோயாம். அப்பா பீடியைத் தொட்டதே இல்லை சார்." இதுவரை கொடுத்த மனுக்களின் நகல்களைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அந்தக் கயிறு அங்க இருந்ததுக்கு என்ன ஆதாரம்னு ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் கேக்கறாரு. ஆதாரம் இருந்தாத்தான் இது தொழில் நோயான்னு விசாரிக்க முடியும். மத்த பாய்லர் ஆளுங்களுக்கும் நெஞ்சு ஸ்கேன் எடுக்கச் சொல்ல முடியும். அதுல பாதிப் பேருக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. எங்கப்பா மூச்சு இருக்கறப்பவே, இது பீடி இல்லைன்னு யாராவது சொல்லணும் சார். அவர் காதுல விழணும்."

நாகநாதன் எழுந்தார். மேஜை ஆடியது.

"கமர், வண்டியை எடு."

வண்டியைக் கமர்தான் எடுப்பாள். காவிரி ஓடுகிற தூரம் முழுக்கக் கண்காணிக்கும் நிபுணருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது.

மில் வாசலில் நெல் மூட்டைகளோடு லாரிகள் வரிசை கட்டி நின்றன. பாய்லர் இன்ஷூரன்ஸ் பார்க்க வந்த அதிகாரி என்று நாகநாதன் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். கமரை "நம்ம டெக்னிக்கல் மேடம்" என்றார். மேடம் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கம்பீரமாக நின்றாள்.

முதலாளி ராஜசேகர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளை மனது என்று சொல்லத்தக்க ஆள். மூன்றாவதை அவரே சொன்னார். பாய்லரைக் கூட்டிப்போய்க் காட்டினார். கல்யாணப் பெண்ணுக்கு நகை போட்டது மாதிரி மேலெல்லாம் அலுமினியத் தகடு பளபளத்தது.

"ஆதியிலேருந்தே கண்ணாடிப் பஞ்சுதாங்களா?" என்றாள் கமர்.

"ஆதியிலேருந்தே. எங்கப்பா காலத்துலேருந்தே. தொழிலாளி நல்லா இருந்தாத்தான் முதலாளி நல்லா இருக்க முடியும்."

தகட்டுக்கு மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள், குழாய் வளைவுகளில் பார்த்தார்கள். எதுவும் இல்லை. இவ்வளவு சுத்தமான பாய்லர் அறையை இந்த ஜில்லாவில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். சுவரில் இருந்த சிலந்திகூடப் புதுசு மாதிரி இருந்தது.

ஆபீஸ் அறையில் உட்கார்ந்ததும் நாகநாதனின் பார்வை சுவர்க் காலண்டரில் நின்றது. மில் பெயர் போட்ட தினசரிக் காலண்டர். நடுவில் ஒரு மாரியம்மன், காலடியில் ஒரு விளக்கு. மேலே "சிறுவாய்க்குடி எரியாத்திரி மாரியம்மன்" என்று சிவப்பில். கீழே அதைவிடப் பெரிய எழுத்தில், "திரி உபயம்: ராஜசேகர் குடும்பத்தார்."

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில்களில் ட்யூப் லைட் மாட்டினால் வெளிச்சம் பாதிதான் வரும். மீதியை உபயதாரர் பெயர் மறைத்துக்கொள்ளும். ஆனால் திரிக்கு உபயம் என்று கமர் இப்போதுதான் பார்க்கிறாள்.

"அது என்னங்க எரியாத் திரி?" என்றார் நாகநாதன் அப்பாவியாக.

ராஜசேகரின் முகம் மலர்ந்தது. "நம்ம ஊர் அம்மன். எண்ணெய் தீரும், திரி தீராது! வருஷக்கணக்கா ஒரே திரி. தீமிதி அன்னைக்கு அதை எடுத்துப் பூக்குழித் தணல்ல போடுவாங்க. கறுப்பா உள்ள போகும், வெள்ளையா வெளிய வரும். ஜனங்க கன்னத்துல போட்டுக்கும். அதைக் கொடுத்தவன்னு எனக்குத்தான் ஊர்ல முதல் மரியாதை. எங்க சித்தப்பா கோபுரமே கட்டிக் கொடுத்தாரு. அவருக்குக்கூட ரெண்டாவதுதான்."

"எங்க வாங்கினீங்க?"

ராஜசேகர் காலண்டரைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மன் கொடுத்தா."

நாகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிர்தலைக் கமருக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவன் முகத்தில் வருகிற அதே ஒளி. இப்போது வாயை மூடிக்கொண்டு நல்லபடியாக எழுந்துபோனால் கேஸ் முடிந்தது. மேஜைக்கு அடியில் அவர் காலை உதைத்தாள்.

"ஸ்ஸ்!" என்றார் ராஜசேகர்.

"மன்னிச்சுக்கங்க, கொசு" என்றாள் கமர்.

ஆனால் நாகநாதன் எழுந்து நின்றுவிட்டார். கண்டுபிடித்ததை விளக்காமல் ஓர் அறையை விட்டு வெளியேறுவது அவர் தர்மத்தில் இல்லை.

"ராஜசேகர் சார்! பருத்தித் திரி எரியும். நெருப்புல போட்டா வெளுத்து வர்ற வெள்ளைக் கயிறு, உங்களை மாதிரி மில்காரர் கைக்கு எங்கேருந்து வரும்? பாய்லரை உரிச்சீங்க. குழாயை உரிச்சீங்க. அம்மன் விளக்கை உரிக்க மறந்துட்டீங்க!"

ராஜசேகர் கோபப்படவில்லை. அதுதான் கமரைப் பயமுறுத்தியது.

"டீ சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"பார்த்தியா அவன் முகத்தை?" என்றார் நாகநாதன்.

"பார்த்தேன் சார். அந்த முகம் இப்ப பூசாரிக்குப் போன் பண்ணிக்கிட்டு இருக்கு."

நாகநாதன் டீ வரும்வரை காத்திருக்கவில்லை.

சிறுவாய்க்குடி வரை ஸ்கூட்டர் போன வேகத்தில் நாகநாதன் தமக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டார். கூப்பிட்ட பட்டியலில் நாகூரும் வந்ததைக் கமர் கவனித்தாள். வயல்கள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. குறுவைக்கு நாற்றங்கால் விட்டவர்கள் போர் செட் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். ஊருக்குள் மட்டும் ஏதோ திருவிழாக் களை. பெண்கள் கையில் பூ, ஆண்கள் கையில் போன்.

கோயில் பூசாரியின் பெயர் அண்ணாதுரை. கட்சிக்கார அப்பா வைத்த பெயர். அப்பா ஆயுள் முழுக்கக் கும்பிடாமல் விட்டதையெல்லாம் மகன் சேர்த்துவைத்துக் கும்பிட்டுக் கொண்டிருந்தார்.

விளக்கில் சாதாரணப் பருத்தித் திரி ஒன்று, எல்லாத் திரிகளையும்போல, நுனி கருகி எரிந்துகொண்டிருந்தது.

"ஓனர் இப்பத்தாங்க போன் பண்ணாரு" என்றார் அண்ணாதுரை. "திரியை மாத்துன்னாரு. மாத்திட்டேன். பழசை எரிச்சுடுன்னாரு."

"எரிச்சீங்களா?"

"எரியாதுங்களே! அதானே அதோட பெருமை? அதைத்தான் அவருகிட்டயும் சொன்னேன். அப்புறம் குப்பையில போடுன்னாரு. சாமி விளக்குல இருந்ததைக் குப்பையில போடலாமுங்களா? ஓடுற தண்ணியிலதான் விடணும். அது முறை."

"ஆத்துலயா?" நாகநாதனின் குரல் கீழே இறங்கியது.

"ஆத்துல ஏதுங்க தண்ணி? மணல்ல விடவா? மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, நம்ம வாய்க்காலுக்கு இன்னைக்குத்தான் தண்ணி வருது. அதான் மஞ்சத்துணியில சுத்தி, ஒரு கலயத்துல போட்டு, வாய்க்கால் நடுவுல வச்சுட்டேன். தண்ணி வந்து அதுவா எடுத்துக்கட்டும்."

கமர் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு ஊரில் தடயத்தை அழிக்கிறவன் நேராக அழித்துவிடுவான். இங்கே அதற்கும் பாசனத்தில் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

"தண்ணி இப்ப எங்க வந்திருக்கு?"

"மேல மதகைத் தாண்டிடுச்சாம். வாட்ஸப்புல போட்டிருந்தாங்க."

வாய்க்கால் கரையில் ஊரே நின்றது. புதுத் தண்ணீர் பூவோடும் நுரையோடும் வரும் என்று வர்ணிப்பவர்கள் உண்டு. நேரில் அது முதலில் காலி குவார்ட்டர் பாட்டில்களையும் ஒற்றைச் செருப்புகளையும் தள்ளிக்கொண்டுதான் வரும். தூரத்தில் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. நடக்கிற வேகம். துரத்தல் காட்சிக்கு இதைவிட மெதுவான வில்லன் கிடைக்க மாட்டான்.

வாய்க்கால் நடுவில், வெடித்த சேற்றின்மேல், கலயம் தனியாக உட்கார்ந்திருந்தது. நாகநாதன் கரைச் சரிவில் பாதி ஓடியும் பாதி சறுக்கியும் கீழே இறங்கினார்.

"யோவ்! சாமி கலயத்தைத் தொடாதே!"

எதிர்க்கரையில் ராஜசேகரின் கார். அதற்கு முன்னால் ராஜசேகர். வரும் தண்ணீருக்கு முதல் பிடி நெல்லும் பூவும் தூவுகிற உரிமை அவருடையது. அதற்காக எப்படியும் வந்திருப்பார். கலயம் போகிறதைக் கண்ணால் பார்ப்பது கூடுதல் நிம்மதி.

கரை முழுவதும் திரும்பி நாகநாதனைப் பார்த்தது. வெளியூர்க்காரன் ஒருவன் பேன்ட்டோடு சாமி கலயத்தின் பக்கத்தில் நிற்கிறான். இரண்டு மூன்று பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். தண்ணீர்ப் பக்கம் பிடித்திருந்த போன்கள் எல்லாம் இவர் பக்கம் வந்தன.

கமர் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அடி விழுவது ஒரு பக்கம். கலயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் பிரயோஜனமில்லை. "அவனே கொண்டுவந்து போட்டுட்டு அவனே எடுக்கறான்" என்பார் ராஜசேகர். ஜெயபாரதியின் அப்பா பீடி நோயாளியாகவே கட்டிலில் கிடப்பார்.

நாகநாதன் கலயத்தைத் தொடவில்லை. எதிர்க்கரையில் ராஜசேகருக்கு அண்ணாதுரை நீட்டிக்கொண்டிருந்த, தூவுவதற்கான நெல் தட்டைப் பார்த்தார். பிறகு ராஜசேகரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில், தட்டுக்காகக் காத்திருக்கிற அந்த நிமிர்தலில், எதையோ அடையாளம் கண்டுகொண்டவர் மாதிரி ஒரு நொடி நின்றார். கண்ணாடி பார்க்கிறவர் நிற்கும் தோரணை அது.

"பூசாரி ஐயா, ஒரு சந்தேகம்" என்றார், ஊருக்கே கேட்கிற குரலில். "திரி கொடுத்தவருக்குத்தானே முதல் தட்டு?"

"ஆமாங்க. திரி வந்ததுலேருந்து அப்படித்தான்."

"அப்ப இவருகிட்ட ஏன் நீட்டறீங்க? தன் மில்லுல இந்த மாதிரிக் கயிறு ஒரு முழம்கூட இருந்ததில்லைன்னு ஐயா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரே. இல்லாததை எப்படிக் கொடுக்க முடியும்? நான் விசாரிச்ச வரைக்கும், திரியைக் கொண்டுவந்து கொடுத்தது உங்க தெக்குத் தெரு வீரையன்."

அவர் விசாரிக்கவே இல்லை என்பது கமருக்குத் தெரியும்.

தெற்குத் தெருப் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து எல்லையம்மாள் என்கிற பெண்மணி வாயைத் திறந்தாள். "ஆமா, வீரையன் அண்ணன்தானே சைக்கிள்ல கட்டிக் கொண்டாந்துச்சு? நான் பார்த்தேனே."

கமர் நாகநாதனைப் பார்த்தாள். அவரே கொஞ்சம் ஆச்சரியப்பட்டுப் போயிருந்தார்.

"அப்ப தட்டு வீரையன் வீட்டுக்குல்ல போகணும்?" என்றார் சுதாரித்துக்கொண்டு.

அண்ணாதுரை நேர்மையான ஆள். யோசித்தார். நீட்டியிருந்த தட்டு ஒரு சாண் பின்னால் போனது.

அந்த ஒரு சாண்தான் ராஜசேகரை முடித்தது. நோட்டீஸ் வந்தபோது தாங்கினார். இன்ஸ்பெக்டர் வந்தபோது தாங்கினார். ஒரு முழுப் பாய்லரை மறைத்துவைத்தவருக்கு ஒரு தட்டு பின்னால் போவதைத் தாங்க முடியவில்லை.

"வீரையனா?" என்று கத்தினார். "அவன் யாருய்யா கொடுக்கறதுக்கு? அவன் தூக்கிட்டு வந்தவன்! கயிறு என்னுது! என் பாய்லர்ல சுத்தியிருந்தது! எங்கப்பா காலத்துலேருந்து எங்க மில்லுல சுத்துறதே அந்தக் கயிறுதான். நான் சொல்லித்தான் அவன் ஒரு முழம் அறுத்தான். திரிக்கு உபயம் நான்தான், வேற எவனும் கிடையாது!"

போன்கள் எல்லாம் இப்போது அவர் பக்கம் திரும்பின.

"சார்" என்றாள் கமர் மரியாதையாக. "காத்து அடிக்குது, சரியா விழலை. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னீங்கன்னா..."

ராஜசேகர் திரும்பி இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை அப்பாவின் பெயரையும், கயிறு வாங்கிய ஊரையும் சேர்த்துக்கொண்டார். சொல்லி முடித்துத் தட்டுக்காகக் கை நீட்டியபோதுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. நீட்டிய கை மடங்காமல் அப்படியே நின்றது.

தண்ணீர் வந்து சேர்ந்தது. நாகநாதனின் ஷூவை நனைத்தது, கணுக்காலைத் தொட்டது, கலயத்தை லேசாகத் தூக்கி அசைத்தது. அண்ணாதுரை தட்டைக் கரையில் வைத்துவிட்டு இறங்கி வந்து கலயத்தை எடுத்தார்.

"வீரையனுக்கு நெஞ்சு போனது இதாலயா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இதை உரிச்சப்ப பறந்த தூசியால" என்றாள் கீழே இறங்கி வந்திருந்த கமர்.

"எங்க புள்ளைங்க? தீமிதி அன்னைக்கு எல்லாம் சுத்தி நின்னு பார்க்குமே?"

கமர் கலயத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "அதையும் டாக்டர்கிட்ட கேட்போம்ணே. எண்ணெயில ஊறிக் கிடக்கிறவரைக்கும் பறக்காது. உலர்த்தாதீங்க, உதறாதீங்க, யாருக்கும் கிள்ளிக் கொடுக்காதீங்க. ஒரு பாலித்தீன் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி, ஊருக்கு எதிர்ல பூட்டி வையுங்க. ஆபீசர் வந்து எடுக்கட்டும்."

அண்ணாதுரை தலையாட்டினார். தட்டு கரையிலேயே இருந்தது. யாருடைய முதல் மரியாதையும் இல்லாமல் தண்ணீர் தன் பாட்டுக்கு வயலைப் பார்க்கப் போய்விட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பிக் கூப்பிட்டதும், இன்ஸ்பெக்டர் போனில் பொறுமையாகக் கேட்டார். வீடியோ நல்லதுதான் என்றார். ஆனால் வெறும் வீடியோவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஊர்க்காரர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்துப் பதிவு செய்தால், அன்றைக்கே கயிற்றைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். மில் ஆட்களுக்கு ஸ்கேனும் அதிலிருந்துதான் தொடங்கும்.

"திங்கக்கிழமை என் வேலைதானே" என்றாள் ஜெயபாரதி. அழுது முடித்த குரல். "நான் பார்த்துக்கறேன் சார்."

"அதைப் பாருங்க" என்றார் நாகநாதன் நாற்காலியில் சாய்ந்து. "கண்டுபிடிச்சாச்சு. நின்னு கொடுக்கறதுக்கெல்லாம் மூளை தேவையில்லை."

திங்கட்கிழமை காலை அலுவலகம் பூட்டிக் கிடந்தது. நாகநாதனின் போன் அணைந்திருந்தது. கமர் மாடிப்படியில் நின்று யோசித்துக் கொண்டிருக்கும்போது ஜெயபாரதி கூப்பிட்டாள்.

"அக்கா, விடியக்காலம் அப்பாவுக்கு ரொம்ப முடியாமப் போயிடுச்சு. ஐசியூவுக்கு மாத்திட்டாங்க. நான் இங்கேருந்து நகர முடியாது. சாருக்கு அப்பவே போன் பண்ணிச் சொன்னேன். ஒண்ணுமே பேசலை, வச்சுட்டாரு. மனு என்ன ஆகும்கா? ஊர்க்காரங்க வந்திருப்பாங்க, முன்னாடி நின்னு பேச யாருமில்லையே."

கமர் கலெக்டர் ஆபீசுக்கு வண்டியை விரட்டினாள். வளாகமெங்கும் கூட்டம். பட்டா கேட்பவர்கள், பென்ஷன் கேட்பவர்கள், மூன்று சக்கர வண்டியில் வந்தவர்கள். அவர்களுக்கு நடுவே, அண்ணாதுரைக்கும் எல்லையம்மாளுக்கும் முன்னால், வெயிலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் டோக்கன். கையில் மனு, கசங்காமல் இருக்க ஒரு அட்டையில் வைத்துப் பிடித்திருந்தார். விடியற்காலையிலேயே வந்து நின்றவர் சட்டைதான் இப்படி நனைந்திருக்கும்.

முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, "உங்களுக்கு என்னங்க குறை?" என்று கேட்டார்.

"எனக்கில்லைங்க" என்றார் நாகநாதன். "ஒருத்தருக்கு வந்தது பீடி நோய் இல்லைன்னு சொல்லணும்."

"சொல்லுங்க, சொல்லுங்க. நல்லா கேப்பாங்க."

"சரிங்க" என்றார் நாகநாதன்.

கமரிடம் ஒரு நல்ல நக்கல் தயாராக இருந்தது. வருஷத்துக்கு ஒன்று அமைகிற மாதிரியானது. அதை விழுங்கிவிட்டுப் போனை எடுத்தாள்.

"ஜெயபாரதி, நீங்க அப்பா பக்கத்துலயே இருங்க. நம்ம ஆள் நிக்கறாரு."

வரிசை ஓரடி நகர்ந்தது. பக்கத்திலிருந்து ஒருவன் நைசாக உள்ளே நுழையப் பார்த்தான். நாகநாதன் இடைவெளி இல்லாதபடி பெரியவரை ஒட்டி நின்றுகொண்டார்.